தறி இருந்த வீடு

ஒரு வீட்டின் அமைப்பைப் பார்த்து, அங்கே குடியிருப்பவர் செய்யும் தொழில் இன்னதென்று சொல்லிவிட முடிந்த காலம் ஒன்று இருந்தது. வாசலில் கலப்பையும் தொழுவில் மாடும் இருந்தால் அது உழவர் வீடு. முற்றத்தில் சக்கரமும் பின்புறத்தில் சூளையும் இருந்தால் அது குயவர் வீடு. கூடத்தின் நடுவே தரையைத் தோண்டிக் குழி அமைத்து, குழியின் விளிம்பில் ஒருவர் அமர்ந்து, காலால் மிதித்துக் கையால் நாடாவை ஓட்டிக்கொண்டிருந்தால் அது நெசவாளர் வீடு. குடியிருக்கும் இடம் வேறு, வேலை செய்யும் இடம் வேறு என்ற பிரிவினை நம் நாட்டில் பெரும்பாலோருக்கு ஆலையும் ஆபீசும் வந்த பிறகே வந்தது. அப்படி வந்த பிரிவினை 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கொரோனா நோய்க்காக ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, பல்லாயிரம் குடும்பங்களில் ஓரிரவில் கலைந்து போயிற்று. வீட்டிலிருந்தே வேலை செய்வதை உலகம் அதுவரை காணாத புதுமை என்று பலரும் பேசினார்கள். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் அது புதுமை அன்று. வேலை நடக்கும் வீடு மனிதனுடைய உடம்பை என்ன செய்கிறது, அவனுடைய உழைப்பின் பயனை எவ்வாறு கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற கேள்விக்கு, இந்த இரண்டு ஊர்களின் சரித்திரமே பாதி விடை சொல்லக்கூடும். அதைத்தான் இன்று பேச நினைக்கிறேன்.

இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தூரம். ஆயினும் குணத்தில் இரண்டும் வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பிறந்த ஊர். பதினொரு நிலைக் கோபுரத்தின் நிழலில் வளர்ந்த கோயிலூர். அங்கே தறி வீட்டுக்குள் இருந்தது. ராஜபாளையம் பஞ்சு வியாபாரத்தால் வளர்ந்த ஊர். அங்கே நூல் ஆலைக்குள் போய்விட்டது. ஒரே பருத்தி, ஒரே மலைக்காற்று. வேலை நடந்த கூரை மட்டும் வேறு. ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவனுக்கு இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது.

முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து நெசவு வீட்டுக்குள் போவோம். பழைய நெசவு வீடு, வாழ்வதற்காகக் கட்டி மிச்ச இடத்தில் தறியை வைத்த வீடு அன்று. தறிக்காகக் கட்டி மிச்ச இடத்தில் வாழ்ந்த வீடு என்றே அதைச் சொல்லவேண்டும். நுழைந்தவுடன் இருக்கும் பெரிய இடம் தறிக்கு உரியது. சமையலும் படுக்கையும் அதற்கு அப்பால் ஒடுங்கிக் கிடக்கும். தெருக்கதவைத் திறந்தால் வெளிச்சம் துணியின்மேல் விழவேண்டும். அற்றுப்போன இழை கண்ணுக்குத் தெரியவேண்டும். அதே சமயம் வெயில் நேரே பாவின்மேல் விழக்கூடாது. நூல் உலர்ந்து அறுந்துபோகும். இந்த இரண்டு தேவைகளுக்கும் நடுவில் வாசலும் திண்ணையும் தாழ்வாரமும் தம் அளவைப் பெற்றன. கட்டடக் கலைஞர் எவரும் வரைபடம் வரைந்து கொடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அறுந்த இழைகளே அதைக் கற்றுக்கொடுத்தன.

வீட்டைப் போலவே தெருவும் தொழிலுக்கு உரியது. நெசவாளர் தெருக்கள் பல ஊர்களில் நேராகவும் அகலமாகவும் இருப்பதற்குக் காரணம் உண்டு. பாவு நூலைத் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, பிரஷ்ஷால் நீவி, சிக்கலெடுத்து உலரவைக்கவேண்டும். அதற்கு விடியற்காலம்தான் ஏற்றது. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடவேண்டும். ஒரு குடும்பத்தால் மட்டும் முடிகிற காரியம் அன்று. அண்டை வீட்டாரும் வந்து ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். நாளைக்கு அவர்கள் பாவுக்கு இவர்கள் போய் நிற்பார்கள். நாள் முழுவதும் குழியில் கால்விட்டு உட்காரப் போகிறவனுக்கு, காலையில் தெருவில் நடந்தும் குனிந்தும் நிமிர்ந்தும் செய்யும் அந்த வேலை ஒரு தேகப்பயிற்சியாகவும் ஆயிற்று. நாலு பேரோடு வாய்விட்டுப் பேசும் பொழுதாகவும் ஆயிற்று. இதை யாரும் ஆரோக்கிய விதி என்று எழுதி வைக்கவில்லை. ஆனால் பின்னால் இது இல்லாமற்போனபோதுதான், வீட்டில் அடைந்து வேலை செய்வதன் கஷ்டம் முழுதும் தெரிந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

தறி வீட்டோடு சேர்ந்தது என்பது மிகப் பழைய செய்தி. சோழ பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகளில் தறியிறை என்ற வரி வருகிறது. அரசன் எண்ணியது ஆளை அன்று, தறியை. பத்தாம் நூற்றாண்டில் உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று காஞ்சியிலிருந்த நான்கு நெசவுச் சேரிகளைப் பற்றிப் பேசுகிறது. கோயில் பணத்தைப் பெற்று வட்டி கொடுக்கவும், கோயில் கணக்கைக் கவனிக்கவும் அந்தச் சேரியார் பொறுப்பேற்றிருந்தார்கள். வீட்டில் இருந்து வேலை செய்தவர்கள் மதிப்பில்லாத மூலையில் கிடந்தவர்கள் என்று எண்ணிவிடக்கூடாது என்பதற்காகவே இதைச் சொன்னேன். வீடு சேரியாகச் சேர்ந்து நின்றபோது அதற்குப் பலம் இருந்தது.

இனி உடம்பைப் பற்றிச் சொல்லவேண்டும். பழைய வீட்டைப் புகழ்ந்துகொண்டே போனால் அது பொய்யாகிவிடும். பருத்தி நூலுக்கு ஈரம் வேண்டும். காற்று உலர்ந்தால் இழை நொறுங்கும். தறியைக் குழியில் இறக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். மண்ணின் குளிர்ச்சி பாவுக்கு அருகே இருக்கும். காற்று அதிகம் புகாதபடி சன்னலைச் சிறிதாக வைப்பதும், தரையில் நீர் தெளிப்பதும் இதற்காகத்தான். ஆனால் நூலுக்கு நல்லதாக இருக்கும் ஈரமான, காற்றோட்டமற்ற அறை மனிதனுடைய மார்புக்கு நல்லதன்று. கால்கள் குளிர்ந்த குழியில். முதுகு முன்னோக்கி வளைந்த நிலையில். பஞ்சுத் தூசி மூக்கில். இருமலும் இடுப்பு வலியும் முழங்கால் நோவும் கண் மங்குதலும் நெசவாளருக்குச் சொத்துப்போல வந்து சேர்ந்தன. வீட்டுக்குள் இருவருக்கும் இடமிருந்தது. ஆனால் நூலுக்கும் மனிதனுக்கும் போட்டி என்று வந்தபோது வென்றது நூல்தான்.

இத்தாலியில் மொதேனா நகரத்தில் வைத்தியராக இருந்த பெர்னார்டினோ ராமாசினி என்பவர், தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-இல் ஒரு நூல் வெளியிட்டார். தொழிலால் வரும் நோய் என்று ஒரு சாத்திரம் உண்டு என்பதற்கே அதுதான் அடிப்படை நூல். 1713-இல் அதை விரிவாக்கியபோது அவர் புதிதாகச் சேர்த்த அத்தியாயங்களில் நெசவாளர்க்கு ஒன்றும், எழுத்து வேலை செய்பவர்க்கு ஒன்றும் இருந்தன. ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கை ஒரே திசையில் ஒரே விதமாக அசைந்துகொண்டிருத்தல், மனம் சிறிதும் விலகாமல் ஊன்றியிருத்தல் என்று எழுத்தருடைய துன்பத்துக்கு அவர் மூன்று காரணங்களைக் காட்டினார். தறிக்காரனையும் கணக்கெழுதுகிறவனையும் அவர் ஒரே ஏட்டில் அருகருகே வைத்தது தற்செயலாக இருக்கலாம். இன்று மடிக்கணினிக்கு முன்னால் உட்காரும் பிள்ளைகளைப் பார்க்கிறபோது அந்த அருகாமை எனக்குப் பொருளுள்ளதாகவே படுகிறது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தறிக்குழியில் நீர் ஊறும். வேலை நின்றுவிடும். தொழிற்கூடத்தில் வெள்ளம் புகுந்தால் முதலாளிக்கு நஷ்டம். வீட்டுத் தறியில் நீர் புகுந்தால் அடுப்புக்கே நஷ்டம். வேலையும் வீடும் ஒன்றாயிருப்பதில் உள்ள இந்த அபாயத்தைக் கவிஞர்கள் பாடவில்லை. நெசவாளர் வீட்டுப் பெண்கள் அறிவார்கள்.

பெண்களைப் பற்றி இங்கே சொல்லியே ஆகவேண்டும். ராட்டையில் நூலைச் சுற்றித் தார் ஆக்குவது அவர்கள் வேலை. சிட்டத்தைப் பிரிப்பது, கஞ்சி காய்ச்சுவது, பாவுக்கு நிற்பது எல்லாம் அவர்கள் வேலை. குழந்தைகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் புடவைக்குக் கூலி வரும்போது அது ஒரு பெயருக்கே வரும். மாஸ்டர் வீவர் என்னும் தரகு முதலாளி கொடுத்தாலும், கூட்டுறவுச் சங்கம் கொடுத்தாலும் கணக்கில் ஏறுவது நெய்தவர் பெயர் ஒன்றே. வீட்டு வேலையின் உற்பத்தித் திறன் என்று பெருமையாகச் சொல்லப்பட்டதில் பெரும்பகுதி, கூலி எழுதப்படாத கைகளின் உழைப்பு. 2019-20-ஆம் ஆண்டு கைத்தறிக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 35 லட்சத்துக்குச் சிறிது மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர் இருந்தனர். அவருள் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 1995-இல் எடுத்த கணக்கில் மொத்தத் தொழிலாளர் 65 லட்சத்துக்கு மேல். ஆண்கள் வேறு வேலைக்குப் போக, பெண்கள் தறியோடு நின்றார்கள் என்பதும் இந்த எண்களுக்குள் இருக்கிறது.

இந்த வீட்டை விட்டு நெசவாளரை வெளியே கொண்டுவர ஒரு சோதனை நடந்தது. சென்னை மாகாண அரசாங்கத்தில் தொழில் வளர்ச்சிக்குப் பொறுப்பாயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர், அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கே நிலைநாட்டிப் பெயர் பெற்றவர். அவர் 1906-ஆம் ஆண்டு வாக்கில் சேலத்தில் ஒரு நெசவுக்கூடம் திறந்தார். கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் தறியை ஜான் கே என்பவர் இங்கிலாந்தில் 1733-இலேயே கண்டுபிடித்திருந்தார். கையால் நாடாவை எறிந்துகொண்டிருந்த நம் நெசவாளருக்கு அது கிடைத்தால் வேலை வேகமாகும். எல்லாரையும் ஒரே கூரையின்கீழ் நல்ல வெளிச்சத்தில், நல்ல காற்றில் உட்காரவைத்து நேரக் கணக்கில் கூலி கொடுத்தால் அவர்கள் வாழ்வும் உயரும் என்று அவர் நினைத்தார். நினைப்பில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நெசவாளர்கள் வரத் தயங்கினார்கள். வந்தவர்களும் ஒழுங்காக வரவில்லை. குறித்த நேரத்தில் வருவதும் குறித்த நேரத்தில் போவதும் அவர்களுக்குச் சிறைபோல இருந்தன. வீட்டில் என்றால் மனைவி தார் சுற்றுவாள், பிள்ளை நூல் எடுத்துக் கொடுப்பான். கூடத்தில் தனி ஆளாகத்தான் உட்காரவேண்டும். வியாபாரிகளும் அந்தக் கூடத்தை எதிர்த்தார்கள். 1910-இல் லண்டனில் இந்திய மந்திரியாக இருந்த மார்லி பிரபு, அரசாங்கமே தொழில் நடத்துவது தகாது என்று உத்தரவிட்டார். சேலத்துக் கூடமும் மூடப்பட்டது.

சாட்டர்டனுடைய சோதனை தோற்றது என்று எழுதுகிறவர்கள் நெசவாளரின் சோம்பலைக் காரணம் காட்டுவதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. தம் வீட்டில் தமக்கு இருந்த சுதந்திரத்தின் விலையை அவர்கள் கணக்கிட்டுப் பார்த்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தறியை நிறுத்தலாம். அமாவாசையன்று ஓய்வு எடுக்கலாம். திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு இரவும் பகலும் நெய்து ஈடுகட்டலாம். இங்கிலாந்திலும் இப்படித்தான் இருந்தது. அங்கே வீட்டில் நெய்தவர்கள் திங்கட்கிழமையை ஒரு புனிதர் பெயரைப் போலச் சொல்லிக் கொண்டாடி வேலையை ஒதுக்கிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை இரவு விழித்து நெய்வார்கள். யார்க்ஷயர் மலைப்பக்கத்து நெசவாளர் வீடுகளில் மாடியின் முழு அகலத்துக்கும் சன்னல்கள் வரிசையாக இருப்பதை இன்றும் காணலாம். வெளிச்சத்துக்காகக் கட்டிய வீடுகள் அவை. அறிவாளிகள் இங்கேயும் இருந்தார்கள், அங்கேயும் இருந்தார்கள். வீட்டை வேலைக்கு ஏற்றபடி வளைத்தார்கள்.

நம் நெசவாளர் விசை நாடாவை வேண்டாம் என்று தள்ளவும் இல்லை. சில ஆண்டுகளில் அதைத் தம் குழித்தறியிலேயே பொருத்திக்கொண்டார்கள். கருவி வந்தது, கூடம் வரவில்லை. வீட்டுக்குள் ஏற்க முடிந்ததை ஏற்றார்கள். கூரை தாழ்ந்த வீடுகளில் ஜக்கார்டு பெட்டியைத் தறிக்குமேல் ஏற்ற முடியாது. ஆகவே உயர்ந்த கரை நெய்வோர் வீட்டின் கூரையை உயர்த்தவேண்டியிருந்தது. வீட்டின் உயரமே ஒருவர் எந்தத் துணி நெய்து எவ்வளவு சம்பாதிக்கலாம் என்பதைத் தீர்மானித்தது என்றால் மிகையன்று.

விளக்கு வந்தபோது மற்றொரு மாறுதல் ஏற்பட்டது. 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, தென்பாண்டிச் சீமைக்கு மின்சாரம் பெருகத் தொடங்கியது. அதுவரை நெசவாளனுக்கு இரவு என்று ஓர் எல்லை இருந்தது. மண்ணெண்ணெய் விளக்கில் நெய்தால் இழையும் கெடும், கண்ணும் கெடும். பல்பு வந்தபின் கண் பிழைத்தது. ஆனால் எல்லை போயிற்று. வேலை வீட்டில் இருப்பவனுக்கு வேலையை விட்டுப் போக இடமில்லை. படுக்கையிலிருந்து நாலடி தூரத்தில் முடியாத புடவை காத்திருக்கும்.

இப்பொழுது ராஜபாளையத்துக்கு வருவோம். பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை 1936-இல் தொடங்கினார். அதன்பின் அவ்வூரில் நூற்பாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே. ஆலை வாழ்வில் துன்பம் இல்லை என்று சொல்லவில்லை. பஞ்சுத் தூசியால் வரும் மூச்சிறைப்பு நூற்பாலைக்கே உரிய நோய். வாரவிடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகும் என்பது அதன் அடையாளம். பேரிரைச்சல் காதைக் கெடுக்கும். ஆனாலும் ஆலைக்கு ஒரு வாசல் இருந்தது. அந்த வாசல் வழியாகச் சட்டம் உள்ளே புகுந்தது. 1934-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நிரந்தரத் தொழிற்சாலைகளில் வாரத்துக்கு 54 மணி என்று வரம்பு கட்டியது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 48 மணி ஆக்கியது. அந்தச் சட்டம் இன்னொன்றும் செய்தது: புதிய தொழிற்சாலையில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் குறைந்தது 500 கன அடி இடம் இருக்கவேண்டும் என்று விதித்தது. மனிதன் மூச்சுவிடும் காற்றை அளந்து கொடுத்த சட்டம் அது. பத்தடிக்குப் பத்தடி அறையில் ஐந்தடி உயரம் என்று வைத்தால் 500 கன அடி வரும். ராஜபாளையத்து ஆலையில் இன்ஸ்பெக்டர் வந்து இதை அளக்கலாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நெசவாளர் கூடத்துக்குள் தறியும், தறிக்குப் பின்னால் தூளியும், தூளிக்குப் பின்னால் அடுப்பும் இருக்கின்றன. அங்கே அளக்க வருபவர் எவரும் இல்லை.

இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்குப் படுவது இதுதான். வீட்டு வேலையை நல்லதாகவோ கெட்டதாகவோ ஆக்குவது வீடு என்னும் பெயர் அன்று; வேலைக்கென்று அந்த வீட்டில் ஒதுக்கப்பட்ட இடமும், வேலைக்கு இருக்கும் எல்லையும், அண்டை அயலின் துணையும்தாம். இவை இருந்த வீடு பிழைத்தது. இல்லாத வீடு தொழிற்கூடத்தின் தீமையையும் வீட்டின் நெருக்கடியையும் ஒன்றாகச் சுமந்தது.

இரண்டாவது வகை வீட்டுக்கு உதாரணம் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி மருத்துவமனைகளுக்கு வேண்டிய கட்டுத்துணி நெய்வதற்குப் பெயர்பெற்றது. அங்கே விசைத்தறி வீட்டோடு ஒட்டிய கொட்டகைகளுக்கு வந்தது. குழித்தறியின் தாளம் பேச்சை மறைக்காது. விசைத்தறியின் ஓசையில் பேச்சே எழாது. பக்கத்துச் சுவருக்குப் பின்னால் குழந்தை படித்துக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் தளவாய்புரத்தில் நைட்டியும் உள்பாவாடையும் தைக்கும் தொழில் வளர்ந்தது. தையல் எந்திரம் மேசையளவு இடத்தில் அடங்கிவிடும். அது சௌகரியம்தான். ஆனால் அடங்கிவிடுவதாலேயே அதற்கென்று வீட்டில் எவரும் இடம் ஒதுக்குவதில்லை. கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையே அதைத் தள்ளிவைக்கிறார்கள். தறி தன் இடத்தைக் கேட்டு வாங்கிற்று. சிறிய கருவிக்குக் கேட்கத் தெரியாது.

மடிக்கணினி அதைவிடச் சிறியது. ராஜபாளையத்துத் தொழிற்குடும்பத்தாரே 1990-களில் சென்னையில் ராம்கோ சிஸ்டம்ஸ் என்னும் மென்பொருள் நிறுவனத்தை எழுப்பினார்கள். தெற்கே தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011-இல் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. பஞ்சு ஊர்களின் பிள்ளைகள் பொறியியல் படித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். 2020-இல் ஊரடங்கு வந்ததும் பெட்டியோடும் கணினியோடும் தாய்வீடு திரும்பினார்கள். பாட்டன் தறி இருந்த கூடம் சிலருக்குக் கிடைத்தது. பலருக்குக் கிடைத்தது கட்டில்தான். திரை தாழ்ந்திருந்தால் கழுத்து குனியும். கழுத்து குனிந்தால் தலையின் பாரம் முழுதும் பிடரியில் இறங்கும். சாப்பிடுகிற இடத்திலேயே வேலை, வேலை செய்கிற இடத்திலேயே தூக்கம். தெருவில் பாவுக்கு நிற்கிற விடியற்காலம் அவர்களுக்கு இல்லை. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட அறிவுரை, தனிமை, மனச்சோர்வு, தசை எலும்பு நோவு, கண் அயர்ச்சி, உடல் பருத்தல் என்று தீமைகளை எடுத்துச் சொல்லிற்று. நெசவாளர் வீட்டில் இவற்றில் பாதியை நாம் முன்பே பார்த்துவிட்டோம்.

வீட்டில் இருந்தால் வேலை கூடுமா குறையுமா என்பதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஆராய்ச்சிகளை மட்டும் சொல்லுகிறேன். இரண்டும் நேர்மாறான விடை தந்ததுதான் அவற்றின் சுவை. சீனாவில் சீட்ரிப் என்னும் பிரயாண நிறுவனத்தின் ஷாங்காய்த் தொலைபேசி நிலையத்தில் 2010, 2011 ஆண்டுகளில் நிக்கோலஸ் புளூம் என்ற பொருளாதார நிபுணரும் அவருடைய சகாக்களும் ஒரு பரீட்சை நடத்தினார்கள். வீட்டில் வேலை செய்ய விரும்பியவர்களில் பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒற்றைப்படையாக இருந்தவர்களை ஆபீசில் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது மாத முடிவில் வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 சதவிகிதம் கூடியிருந்தது. இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்ததால் கூடியது பெரும்பங்கு. அமைதியான இடத்தில் பேசியதால் கூடியது மற்றப் பங்கு. இவ்வளவையும் எல்லாரும் எடுத்துச் சொல்லுகிறார்கள். இந்தப் பரீட்சையில் சேர ஒரு நிபந்தனை இருந்ததைப் பலரும் சொல்லுவதில்லை: வேலை செய்வதற்கு வீட்டில் தனக்கென ஓர் அறை இருக்கவேண்டும். அறை உள்ளவரிடையே கிடைத்த வெற்றி அது. அவர்களிலும் தனிமை பொறுக்காமல் ஆபீசுக்குத் திரும்பியவர்கள் உண்டு.

மற்றொன்று நம் சென்னையிலேயே நடந்தது. டேவிட் அட்கின், ஆன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே ஆகிய மூவரும், கணினியில் விவரங்களைப் பதியும் வேலைக்கு ஆட்களை எடுத்து, குலுக்கல் முறையில் சிலரை வீட்டிலும் சிலரை ஆபீசிலும் வேலை செய்ய வைத்தார்கள். 2023-இல் வெளியான அவர்கள் முடிவின்படி, வீட்டில் இருந்தவர்களின் வேலை 18 சதவிகிதம் குறைவு. அந்தக் குறையில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது. வேதனை இதற்குமேல்தான் இருக்கிறது. வீட்டில் வேலை வேண்டும் என்று விரும்பியவர்களே வீட்டில் அதிகம் பின்தங்கினார்கள். அவர்களுக்குக் குறைவு 27 சதவிகிதம். ஆபீசை விரும்பியவர்களுக்குக் குறைவு 13 சதவிகிதம்தான். இத்தனைக்கும் வீட்டை விரும்பியவர்கள் தொடக்கத்தில் அதிக வேகமும் திருத்தமும் உடையவர்கள். ஏன் இப்படி என்று பார்த்தால், குழந்தைகளை வைத்திருப்போர், வீட்டுப் பொறுப்பு உள்ளோர், வசதி குறைந்தோர் ஆகியவர்களுக்கு வெளியே போக வழியில்லை. அதனால் வீட்டை விரும்புகிறார்கள். எந்தப் பொறுப்பு அவர்களை வீட்டில் இருத்துகிறதோ அதே பொறுப்பு வேலையையும் அரிக்கிறது. ஷாங்காயில் வேலை வேறு, ஆட்கள் வேறு, சென்னையில் வேறு. ஆகையால் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது முறையன்று. எனினும் தனியறை என்று ஒரு நிபந்தனை ஓரிடத்தில் இருந்ததும், தொட்டிலும் அடுப்பும் மற்றோரிடத்தில் குறுக்கிட்டதும் எனக்குச் சாதாரண வேற்றுமையாகத் தோன்றவில்லை. தார் சுற்றிக்கொண்டே சோற்றுப்பானையைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் கதைதான் இது. ராட்டை மட்டும் மாறியிருக்கிறது.

வீட்டை வேலைக்குத் தக்கபடி ஆக்குவது வேலை செய்பவனின் சொந்தச் செலவு மட்டும் அன்று என்ற எண்ணம் நம் நாட்டுக்குப் புதியதும் அன்று. கைத்தறியாளர் விஷயத்தில் அரசாங்கம் இதை ஏற்றிருக்கிறது. 1935-இல் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், இன்று நாம் கோ-ஆப்டெக்ஸ் என்று சொல்லும் ஸ்தாபனம், தோன்றியது. துணியை விற்றுத் தரும் பொறுப்பை அது ஏற்றது. ஏழாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் குடியிருப்போடு சேர்ந்த தறிக்கூடம் கட்டித் தரும் திட்டம் வந்தது. தறிக்கு உயரமும் வெளிச்சமும் வேண்டும், குடும்பத்துக்கு வேறு அறை வேண்டும் என்பதை அரசாங்கம் ஒப்புக்கொண்டது அதில்தான். தமிழ்நாட்டில் கைத்தறியாளர்க்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் மின்சாரம் 2016 முதல் இலவசமாயிற்று. 2023-இல் அது 300 யூனிட் ஆயிற்று. தறிமேல் தொங்கும் விளக்கு வீட்டு விளக்கு அன்று, தொழில் விளக்கு என்பது இதன் பொருள்.

பீடித் தொழிலிலும் இப்படி ஒரு படி ஏறியிருக்கிறோம். தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்தில் வீட்டுத் திண்ணையில் முறமும் மடியுமாக உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 1966-ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் அவர்களையும் தொழிலாளராக ஏற்றது. முதலாளிமார் அதை எதிர்த்து வழக்காடினார்கள். 1974-இல் உச்சநீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. திண்ணையையும் சட்டத்தின் கண்ணுக்குள் கொண்டுவரலாம் என்பதற்கு அது சாட்சி.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் வீட்டு வேலைபற்றி 177-ஆம் உடன்படிக்கையை இயற்றியது. வீட்டிலிருந்து பிறருக்காகக் கூலிக்கு உழைப்பவர்க்கும் மற்றத் தொழிலாளர்க்கு உள்ள பாதுகாப்பு வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா அதில் கையொப்பம் இடவில்லை. அதே அமைப்பு 2021 ஜனவரியில் கொடுத்த கணக்கு, நோய் பரவுவதற்கு முன்பே உலகத்தில் 26 கோடிப் பேர் வீட்டிலிருந்து உழைத்ததாகச் சொல்லுகிறது. அவர்களில் நூற்றுக்கு 56 பேர் பெண்கள். நம்முடைய 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வீட்டுத் தொழிலாளர் யார் என்று இலக்கணம் வகுத்திருக்கிறது. முதலாளியின் இடத்தில் அல்லாமல் தம் வீட்டிலோ தாம் தெரிந்தெடுத்த இடத்திலோ ஊதியத்துக்காகப் பொருளோ சேவையோ ஆக்கிக் கொடுப்பவர் அவர். கருவியை யார் கொடுத்தாலும் சரி என்கிறது சட்டம். இந்த இலக்கணத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சேலை நெய்பவர் வருகிறார். தளவாய்புரத்தில் நைட்டி தைப்பவர் வருகிறார். ஆனால் அவர் உட்காரும் அறைக்கு எத்தனை கன அடி காற்று வேண்டும், அவர் நாற்காலியை யார் வாங்கவேண்டும், இரவு எத்தனை மணிக்கு அவரைக் கூப்பிடக்கூடாது என்பவற்றுக்கு அந்த இலக்கணத்தில் இடமில்லை.